'கோழை' என்பது ஹெமிங்வேயும் எழுதிய சொல்தான்

உங்கள் கேள்வியை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 'கடலும் கிழவனும்' உங்களுக்கு மிகவும் பிடித்த நாவல். மனிதனை அழித்துவிடலாம், தோற்கடிக்க முடியாது என்று கிழவன் சாந்தியாகோ சொல்லிக்கொள்ளும் வரியைக் கையால் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருந்தீர்கள். அந்த வரியை எழுதிய எர்னஸ்ட் ஹெமிங்வே பல்லாண்டு காலம் குடியில் ஊறியவர் என்பதும், 1961இல் தற்கொலை செய்துகொண்டார் என்பதும் இப்போதுதான் தெரியவந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டீர்கள். நண்பர் ஒருவர் "கோழை" என்றார். இன்னொருவர் "குடித்ததால்தான் அப்படி எழுத முடிந்தது" என்றார். இரண்டுமே உங்களுக்கு ஒப்பவில்லை. "இப்படிப்பட்டவர்கள்மேல் இரக்கப்படுவது எப்படி? அது சரிதானா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இலக்கியக் கேள்வி மாதிரித் தோன்றினாலும் இதன் அடியில் இருப்பது வேறு. ஒருவர் செய்தவற்றை மழுப்பாமல் அவருக்காக வருந்த முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் என்பது என் பதில். எப்படி என்பதற்குத்தான் இவ்வளவு நீளம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே ஓர் எழுத்தாளரைப் பற்றித் தொடங்கிய கேள்வி, கடைசி வரியில் "இப்படிப்பட்டவர்கள்" என்று பன்மைக்கு மாறிவிட்டது. அந்தப் பன்மைக்குப் பிறகு வருகிறேன்.

நான் மனநல மருத்துவன். இருபது ஆண்டுகளுக்கு மேல் குடிநோயாளிகளுக்கான சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். ஹெமிங்வேயை அவருடைய புத்தகங்கள் வழியாகவும், அவரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாறுகள் வழியாகவும் மட்டுமே அறிவேன். எதிரே உட்கார்ந்து பேசாத ஒருவருக்கு, அதுவும் இறந்துபோனவருக்கு, நோய்ப்பெயர் சூட்டுவது என் தொழிலில் முறையல்ல. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்வேன். அவர் எந்த முறையில் உயிரை விட்டார் என்பதை எழுதப் போவதில்லை. பிரபலங்களின் தற்கொலையை விலாவாரியாக விவரிக்கும்போது, ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும் சிலருக்கு அந்த விவரமே வழிகாட்டியாகிவிடுகிறது. 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நாளிதழ்ச் செய்திகளையும் தற்கொலைக் கணக்குகளையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார். 'வெர்தர் விளைவு' என்று அதற்குப் பெயரும் வைத்தார். 1774இல் வந்த ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவலில் தற்கொலை செய்துகொள்ளும் நாயகனின் பெயர் அது. நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைகள் இதற்கு நேர்மாறாக, உயிர் காக்கும் திசையில் வேலை செய்யக்கூடும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

முதலில் "கோழை" என்ற சொல். அதை உங்கள் நண்பர் கண்டுபிடிக்கவில்லை. ஹெமிங்வேயே அதை எழுதியிருக்கிறார், தன் வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு. அவருடைய தந்தை கிளாரன்ஸ், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் மருத்துவர். நீரிழிவு, பணக் கவலை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து அழுத்திய நிலையில் 1928 டிசம்பரில் தற்கொலையால் இறந்தார். மகனுக்கு அப்போது வயது 29. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைக் களமாக வைத்து 1940இல் ஹெமிங்வே வெளியிட்ட நாவலின் நாயகன் ராபர்ட் ஜோர்டானுக்கும் அதே மாதிரி இறந்த ஒரு தந்தை. ஜோர்டான் அவரைக் கோழை என்றே நினைக்கிறான். தாத்தாவோ அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர். அவருடன் ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தந்தையைச் சிறியவராக்குகிறான். புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் செய்கிறான். இன்று அந்தப் பக்கங்களைப் படித்தால் மனம் கனக்கிறது. தந்தையை அளந்த அந்தக் கோலையே 21 ஆண்டுகள் கழித்து ஊர் எடுத்து அவரையும் அளந்தது.

குடி விஷயத்திலும் இப்படித்தான். அவருடைய பாரிஸ் காலத்து நண்பரும் எழுத்தாளருமான ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு கடுமையான குடிநோயாளி. 1940 டிசம்பரில், 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். ஹெமிங்வே அவரைக் குடிகாரன் என்று கடிதங்களில் ஏளனம் செய்தார். 1936இல் பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதையில் 'பாவம் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு' என்று பெயரைப் போட்டே குத்தினார். புத்தகமானபோதுதான் அந்தப் பெயர் மாறியது. தானோ நிறையக் குடித்தும் தள்ளாடாதவர் என்பதில் அவருக்குப் பெருமை. என் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள்: "எவ்வளவு குடித்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது டாக்டர்." குடும்பத்தார் அதைத் தெம்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் அதை நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வேன். உடல் மதுவுக்குப் பழகிவிட்டது, அதே அளவு பழைய வேலையைச் செய்வதில்லை, அளவு கூடிக்கொண்டே போகப் போகிறது என்று அதற்குப் பொருள்.

குடிநோய் நோய்தான் என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகம் இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இலேயே அதை நோய் என்று அறிவித்தது; ஹெமிங்வே அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் தொடங்கிவிட்டது. உதவியே இல்லாத காலம் என்று சொல்ல முடியாது. ஆனால் உதவியை வாங்கிக்கொள்ள "என் கையில் இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்டை, குத்துச்சண்டை, போர்க்களம், பெரிய மீன் என்று தன்னைப் பற்றி அவரே கட்டி எழுப்பிய உருவத்துக்குள் அந்த வாக்கியத்துக்கு இடம் இல்லை. 1930களின் பிற்பகுதியிலேயே கல்லீரல் கெடுகிறது என்று மருத்துவர் எச்சரித்தார். சில காலம் குறைப்பார். பிறகு பழையபடி ஆகிவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வெளியே இருப்பவர்கள் "மனவுறுதி இல்லை" என்று படிக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. தொடர்ந்து குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டத் தன் விசையை ஏற்றி வைத்துக்கொள்கிறது. மது நின்றதும் ஏற்றிய விசை அப்படியே நிற்கிறது: நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு, கடுமையானவர்களுக்கு வலிப்பும் மனக்குழப்பமும். இவை அடங்குவதற்குச் சுலபமான வழி இன்னொரு குவளை. ஒருவரை நினைத்துக்கொள்கிறேன், அடையாளம் தெரியாதபடிச் சொல்கிறேன். முதல் நாள் என் எதிரே உட்கார்ந்தபோது இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடச் சொன்னேன். வலது கையை வெளியே எடுத்தார். பேனா தாளைத் தொடுவதற்குள் மூன்று முறை விலகியது. "குளிராக இருக்கிறது" என்றார். அது கோடைக்காலம். நான் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை வாங்கிக்கொண்டு "நாளைக்குப் போடலாம்" என்றேன். அவர் அழத் தொடங்கியது அப்போதுதான். நான் அதட்டியிருந்தால் அந்தக் கைகள் திரும்பத் தொடைக்கடியில் போயிருக்கும்.

உங்கள் இரண்டாவது நண்பருக்கு வருவோம். போதையில் எழுது, தெளிந்தபின் திருத்து என்று ஹெமிங்வே சொன்னதாக ஒரு பொன்மொழி உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ எந்தச் சான்றும் இல்லை. அவருடைய வேலை முறை நேர் எதிரானது. ஹவானாவுக்கு வெளியே இருந்த வீட்டில், விடிந்ததும் எழுந்து, புத்தக அலமாரியின் மேல் தட்டச்சு இயந்திரத்தை வைத்து, நின்றபடியே எழுதுவார். அன்றைக்கு எத்தனை சொற்கள் எழுதினார் என்பதை ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் வரைந்த அட்டவணையில் குறித்துவைப்பார், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க. 1958இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில் வந்த நேர்காணலில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. சம்பளக் கணக்கு எழுதும் குமாஸ்தாவின் ஒழுங்கு அது. குடி அந்த வேலை முடிந்த பிறகுதான் தொடங்கும். குடிதான் எழுத வைத்தது என்று சொல்கிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலே, அந்தக் காலை நேரங்களை அவரிடமிருந்து பறித்து மதுவுக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு "கோழை"யைவிட இந்தப் பேச்சின்மேல்தான் கோபம் அதிகம். இளம் எழுத்தாளர்கள் சிலர் இதை நம்பிக் குடித்து என் பிரிவுக்கு வந்திருக்கிறார்கள். வந்தபோது அவர்கள் எழுதி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தக் காலை வேலையே குலைந்தது. காளைச் சண்டை பற்றி 'லைஃப்' பத்திரிகை அவரிடம் 10,000 சொற்களில் ஒரு கட்டுரை கேட்டது. அவர் எழுதியது ஏறத்தாழ 1,20,000 சொற்கள். குறைக்க முடியவில்லை; 1960இல் நண்பர் ஹாட்ச்னரை ஹவானாவுக்கு வரவழைத்து உதவி கேட்டார். பனிமலையில் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரிய வேண்டும், மீதியை எழுத்தாளன் விட்டுவிட வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் சொன்னவர் அவர். விடுவதுதான் அவருடைய கலை. அவரால் ஒரு வரியை வெட்ட முடியாமல் போனது. வாழ்க்கை வரலாறுகளில் வரும் குடிக் கதைகள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு தகவலே என்னை நிறுத்திவைக்கிறது. முடிவெடுக்க முடியாமை, கவனம் சிதறுதல், எதை விடுவது என்று தெரியாமை ஆகியவை கடும் மனச்சோர்விலும் வரும், மூளைச் சேதத்திலும் வரும், நீண்ட குடியிலும் வரும்.

அதே ஆண்டில் சந்தேகங்களும் பெருகின. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன்னைப் பின்தொடர்கிறது, தொலைபேசியை ஒட்டுக் கேட்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் அதைப் பிரமை என்று எடுத்துக்கொண்டார்கள். 1980களில் எஃப்பிஐ ஆவணங்கள் வெளிவந்தபோது, 1940களின் தொடக்கத்திலிருந்தே அவர் பெயரில் ஒரு கோப்பு இருந்தது தெரிந்தது. அவர் மருத்துவமனையில் இருந்த செய்திகூட அதில் இருக்கிறது. அவர் பயந்த அளவுக்குக் கண்காணிப்பு நடந்தது என்று அந்தக் கோப்பு நிறுவவில்லை. முழுக்கக் கற்பனை என்று சொல்லவும் இடம் இல்லை. நோயாளி சொல்வதை நோயின் குரல் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு என் மாணவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இது.

சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது என்று யோசித்தபோது மனநோய்க்கென்றே பெயர்பெற்ற ஒரு மருத்துவமனையின் பெயர் பேசப்பட்டது. அங்கே போனால் பைத்தியம் என்று பேசுவார்கள் என்ற அச்சத்தில் அது கைவிடப்பட்டது. 1960 நவம்பர் இறுதியில் மினசோட்டாவின் ராசெஸ்டரில் இருக்கும் மேயோ கிளினிக்கில் சேர்ந்தார். தன் பெயரில் இல்லை, தன் மருத்துவர் ஜார்ஜ் சேவியர்ஸின் பெயரில். வெளியுலகுக்குச் சொன்ன காரணம் ரத்த அழுத்தம். நோபல் பரிசு பெற்ற, உலகமே முகத்தை அறிந்த ஒரு மனிதர், மனம் சரியில்லை என்று சொல்ல முடியாமல் கடன் வாங்கிய பெயரில் கட்டிலில் படுத்திருந்தார். "கோழை", "குடிகாரன்", "பைத்தியம்" என்ற சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கட்டிலைத்தான் காட்டுவேன்.

அங்கே அவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை பலமுறை கொடுக்கப்பட்டது. இதைப் படிக்கும் யாரும் பயந்துவிட வேண்டாம். 1938இல் ரோமில் தொடங்கிய அந்தச் சிகிச்சை இன்று மயக்க மருந்துடன் கொடுக்கப்படுகிறது; மருந்துகள் கைவிட்ட கடும் மனச்சோர்வில் அது உயிர் காப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நினைவு மங்குவது அதன் உண்மையான பக்கவிளைவு; பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் அது சரியாகிவிடும், சிலருக்குச் சில காலத்து நினைவுகள் திரும்புவதில்லை. நினைவையே முதலாக வைத்துத் தொழில் செய்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். சிகிச்சை பிரமாதம், நோயாளியைத்தான் இழந்துவிட்டோம் என்ற பொருளில் அவர் தன்னிடம் சொன்னதாக ஹாட்ச்னர் எழுதியிருக்கிறார். 1961 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிப்ரவரியில், புதிதாகப் பதவியேற்ற அமெரிக்க அதிபர் கென்னடிக்கு அளிக்கவிருந்த ஒரு தொகுப்புக்காகக் கைப்பட நாலு வரி எழுதித் தரும்படிக் கேட்டார்கள். நாள்கணக்கில் உட்கார்ந்தும் அந்த நாலு வரி வரவில்லை. இனி வரவே வராது போலிருக்கிறது என்று சேவியர்ஸிடம் சொல்லி அழுதார்.

ஏப்ரலில் நிலைமை மோசமாகி மறுபடி மேயோ. ஜூன் கடைசியில் மீண்டும் வீடு, ஐடஹோ மாநிலத்தின் கெட்சம். வந்து சேர்ந்து ஓரிரு நாட்களில், 1961 ஜூலை 2ஆம் தேதி காலையில் இறந்தார். அந்த மாதம் 21ஆம் தேதி அவருக்கு 62 வயது நிறைந்திருக்கும். மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறிந்த உண்மை இது. குடும்பம் அப்போதுதான் பெருமூச்சு விட்டிருக்கும், பார்க்க வருகிறவர்கள் "நன்றாகத் தேறிவிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்த மருத்துவ ஆலோசனைக்கு இன்னும் நாட்கள் இருக்கும். இன்று நாங்கள் நோயாளி வீடு போன சில நாட்களுக்குள் தொலைபேசியில் அழைக்கிறோம், ஒரு வாரத்தில் நேரில் பார்க்கிறோம். அன்று அந்த ஏற்பாடு வழக்கத்தில் இல்லை.

இனி உறுதியற்றவை. அவருக்குத் தலையில் பலமுறை அடிபட்டிருக்கிறது: 1918இல் இத்தாலியப் போர்முனை, 1944இல் லண்டனில் கார் விபத்து, 1954 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு விமான விபத்துகள். அந்தக் காயங்களால்தான் அவ்வாண்டு நோபல் பரிசை வாங்க ஸ்டாக்ஹோம் போகவில்லை. மூளை சிதைந்திருக்கலாம் என்று ஒரு மனநல மருத்துவர் புத்தகமே எழுதியிருக்கிறார். பொருத்தமான வாதம்தான், ஆனால் மூளையைப் பரிசோதித்துச் சொன்னது இல்லை. உடலில் இரும்புச்சத்து தேங்கும் பரம்பரை நோய் என்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த ரெசர்பின் மாத்திரை மனச்சோர்வை உண்டாக்கியது என்கிறார்கள்; அந்தக் காலத்தில் அப்படி நம்பப்பட்டது, பிந்தைய ஆய்வுகளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. இவற்றில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு "இதனால்தான்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கிடைப்பது அபூர்வம். குடிநோயும் மனச்சோர்வும் ஒன்றையொன்று மோசமாக்கி ஆபத்தைப் பல மடங்காக்குகின்றன என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

குடும்பத்தில் தந்தையோடு முடியவில்லை. தங்கை உர்சுலா 1966இல், தம்பி லெஸ்டர் 1982இல், பேத்தி மார்கோ 1996இல் தற்கொலையால் இறந்தார்கள். இதைச் 'சாபம்' என்று எழுதுகிற பத்திரிகைகள் உண்டு. பரம்பரையாக வருவது சாவு இல்லை, நோய்க்கு ஆளாகும் தன்மை மட்டும்தான். அதே வீட்டில் பிறந்த இன்னொரு பேத்தி மேரியல் ஹெமிங்வே இன்று உயிரோடு இருக்கிறார். குடும்பத்தில் யாரும் பேசாத விஷயங்களை மேடைகளில் வெளிப்படையாகப் பேசுகிறார். சாபக் கதை எழுதுகிறவர்கள் அவரைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

சரி, அது கோழைத்தனம் இல்லையென்றால் என்ன? முயன்று பிழைத்த நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசியிருக்கிறேன். தைரியமாகச் செய்ததாகவோ பயந்து செய்ததாகவோ அவர்களில் யாரும் சொன்ன நினைவு எனக்கு இல்லை. வலி ஒன்றுதான் தெரிந்தது என்பார்கள். மனைவி, பிள்ளை, நாளை எல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நின்றன, குரல் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னார். எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்து, பார்வை ஒரு குழாய் அளவுக்குச் சுருங்கிவிடும் நிலை என்று விவரித்தார். அந்தக் குழாய் நிரந்தரம் இல்லை என்பது முக்கியமான செய்தி. முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. கடக்க வேண்டியது அந்தக் குறுகிய நேரம். அதைக் கடக்க உதவுகிறவர் பக்கத்தில் இருப்பதும், ஆபத்தான பொருட்கள் கைக்கு எட்டாமல் இருப்பதும் உண்மையாகவே உயிர்களைக் காப்பாற்றுகின்றன.

இரக்கம் காட்டினால் அவர் செய்தவை அழிந்துவிடுமா என்பது உங்கள் பயம். அழியாது. மனைவியரிடமும் நண்பர்களிடமும் அவர் கொடூரமாக நடந்துகொண்ட சந்தர்ப்பங்கள் நிறைய. ஃபிட்ஸ்ஜெரால்டுக்குச் செய்தது சிறுமை. நோய் சிலவற்றை விளக்கும், எல்லாவற்றையும் அல்ல. போதையில் அடித்தவனுக்கும் அடித்த பொறுப்பு உண்டு என்று நான் என் நோயாளிகளிடம் நேராகவே சொல்கிறேன், அவர்களும் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். அதே மனிதர், 1947இல் மகன் பேட்ரிக் தலையில் அடிபட்டு நினைவு தடுமாறிக் கிடந்தபோது வாரக்கணக்கில் இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். இரண்டும் அவர்தான். நான்காவது மனைவி மேரி, கணவர் இறந்ததும் அது விபத்து என்று பத்திரிகைகளிடம் சொன்னார். தற்கொலைதான் என்று வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதைப் பொய் என்று கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர். எஞ்சியவர்கள்மேல் காட்டாத இரக்கம் அரை இரக்கம்தான். அவர்களுக்குக் கோபமும் வரும், இறந்தவர்மேலேயே வரும், வரட்டும்.

இப்போது அந்தப் பன்மை. நான் தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் வீட்டிலோ நட்பிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஹெமிங்வேயை எப்படி மன்னிப்பது என்பது அவ்வளவு அவசரமான கேள்வி இல்லை. இறந்தவரைக் "கோழை" என்று நீங்கள் சொல்லும்போது அவருக்குக் கேட்காது. அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும். இந்த வீட்டில் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிடுவார்.

அவர் நிறையக் குடிக்கிறவர் என்றால் கோபத்தில் பாட்டிலைக் கொட்டிவிட்டு "இன்றோடு நிறுத்து" என்று சொல்லாதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். தெளிவாக இருக்கும் வேளையில் பேசுங்கள். புத்திமதி வேண்டாம், நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: "நேற்று நீங்கள் சாப்பிடவில்லை, ராத்திரி தூங்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்." சாவைப் பற்றி அவர் பேசியிருந்தால், அல்லது வழக்கத்துக்கு மாறாகப் பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது. இது பலமுறை ஆராயப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கேட்ட உடனே ஒரு நீண்ட மூச்சு வெளிவரும். "ஆமாம்" என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் அழையுங்கள். அந்த 'ஒருவர்' நீங்களே என்றாலும் இதே வழிதான்.

இவ்வளவு செய்தும் இழக்கும் நாட்கள் உண்டு, எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையின் சக்தி எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு வீட்டின் சக்தி அதைவிடக் குறைவு. அவர் ஏற்கெனவே சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவராக இருந்தால், முதல் வாரத்தில் சும்மாவாவது போய்ப் பாருங்கள். "நன்றாகத் தேறிவிட்டீர்கள்" என்று சொல்ல வேண்டாம். எதிரே உட்காருங்கள். கை நடுங்கினால் பார்க்காதது போல இருக்கவும் வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். குவளையில் பாதி மட்டும் தேநீர் ஊற்றிக் கொடுங்கள், சிந்தாது.